பக்கத்து பேண்டைப் பார்த்து மனம் குமைகிறதா? இசைக்குழுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்திருக்கிறேன். கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று எல்லா மேடையும் ஏறியாயிற்று. கடைசி ஏழெட்டு வருடமாகச் சொந்தப் பாட்டு போடும் நாலு பேர் பேண்டு ஒன்றிலும் இருக்கிறேன். சின்ன வயதுக்காரர்கள் என்னிடம் கீபோர்டைப் பற்றிக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்பது இதைத்தான்: "அவங்க எங்கயோ போய்ட்டாங்கண்ணே, நாங்க மட்டும் இப்படியே இருக்கோம்." திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

இன்னொரு பேண்டுக்குக் கைதட்டல் கிடைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நான் கெட்டவனா?

இல்லை. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் இதைப் பற்றி எழுதினார். ஒரு திறமையை அளக்க வெளியே ஓர் அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் மற்ற மனிதர்களை வைத்துத்தான் தங்களை அளந்துகொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. அதிலும் வெகு தூரத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, தங்களுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருப்பவர்களையே பார்க்கிறார்கள்.

நூறு மீட்டர் ஓடுகிறவருக்குக் கடிகாரம் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? ஒரு பாட்டு நன்றாக வந்ததா என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. அதனால் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறோம். இளையராஜா பாட்டைக் கேட்டு யாருக்கும் வயிறு எரிவதில்லை. அடுத்த தெருவில் ஒத்திகை பார்க்கும் பையன்கள் நல்ல மேடை ஒன்றைப் பிடித்துவிட்டால்தான் எரிகிறது.

ஆகவே அந்த எரிச்சல் வரும். வருவதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. வந்தபின் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பேசுவோம்.

எங்களோடு ஒரே வருடத்தில் ஆரம்பித்த பேண்டு இன்று எங்கோ இருக்கிறது. நாங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். ஏன்?

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் குழுவும் இன்னொரு குழுவும் ஒரே ஊரில், சில மாத இடைவெளியில் ஆரம்பித்தோம். மூன்று வருடத்தில் அவர்களுக்குத் திருவிழாவின் கடைசி நாள் இரவு கிடைத்தது. எங்களுக்கு இரண்டாம் நாள் மாலை, பாதிக் கூட்டம் ராட்டினத்தில் இருக்கும் நேரம். ஆளைப் பிடித்துவிட்டார்கள், பாட்டுக்கார அம்மா நல்ல ராசி என்றெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அவர்கள் கச்சேரியை ஒருநாள்கூட முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை.

ஒருநாள் போனேன். கடலை வண்டிக்குப் பக்கத்தில், யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் நின்றேன். கையில் ஒரு சின்ன நோட்டு. அவர்கள் கீபோர்டுக்காரர் என்னைவிடப் பெரிய வித்வானா என்று பார்க்கத்தான் போனேன். அவர் கிட்டத்தட்ட என்னளவுதான் வாசித்தார். ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கப் பத்துப் பதினைந்து நொடிதான் ஆனது. அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்கான டோனை, அதாவது கீபோர்டில் வர வேண்டிய வாத்திய ஒலியை, மாற்றிவிடுவார், அடுத்த பாடகர் மைக்கோடு தயாராக நிற்பார்.

எங்கள் மேடையில் பாட்டு முடிந்ததும் பாடகர் நோட்டைப் புரட்டுவார். தபலாக்காரர் சுத்தியலை எடுப்பார். நான் டோனைத் தேடுவேன். அடுத்த கச்சேரியில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், சராசரி ஒன்றே கால் நிமிடம். இருபத்தைந்து பாட்டு என்றால் நடுவில் இருபத்து நான்கு இடைவெளி. கணக்குப் போட்டால் அரை மணி நேரம்! அரை மணி நேரம் ஜனங்களை வெறும் மேடையைப் பார்க்க வைத்திருக்கிறோம். அவர்கள் எழுந்து ராட்டினத்துக்குப் போனதில் ஆச்சரியம் என்ன?

அதைச் சரிசெய்ய ஒரு மாதம் போதுமாக இருந்தது. ஒரே சுருதியில் வரும் பாட்டுகளைச் சேர்த்து அடுக்கினோம். ஒவ்வொரு பாட்டுக்கும் டோன் நம்பரை நோட்டு ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன். இரண்டு பாடகர்களும் மாறி மாறிப் பாடுகிற மாதிரி வரிசை போட்டோம். ஆளைப் பிடிக்கவோ ராசி பார்க்கவோ வேண்டியிருக்கவில்லை.

இதற்குப் பிறகு அவர்கள் அளவுக்கு வந்துவிட்டோமா என்றால், இல்லை. அவர்களிடம் சொந்த சவுண்ட் செட் இருந்தது, வேன் இருந்தது, தலைவருக்குப் பக்கத்து ஊர்களிலெல்லாம் உறவு இருந்தது. எங்களுக்கு அது கிடையாது. அந்த வித்தியாசம் இன்றுவரை இருக்கிறது. ஆனால் எது உழைத்தால் தீரும், எது காசு இருந்தால் தீரும், எது எப்படியும் தீராது என்று பிரித்துப் பார்த்த பிறகு எரிச்சல் பாதியாகக் குறைந்தது. உழைத்தால் தீருகிற பகுதி நான் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது.

இன்னொரு பேண்டைப் பார்த்து மனம் குமைந்தால் அவர்கள் நிகழ்ச்சிக்கு ஒரு நோட்டோடு போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அவர்கள் உங்களைவிட மேலா கீழா என்று எழுதாதீர்கள். எந்த நிமிடத்தில் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள்.

பெரிய பேண்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். ஒப்பீடு என்ன கொடுக்கும், எங்கே சுமையாக மாறும் என்று இரண்டையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

1965 டிசம்பரில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்' ஆல்பம் வந்தது. கலிஃபோர்னியாவில் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் அதைக் கேட்டுவிட்டு, ஓர் ஆல்பத்தில் இட்டு நிரப்பிய பாட்டு ஒன்றுகூட இல்லாமல் செய்ய முடியும் என்று கண்டுகொண்டார். அந்த உந்துதலில் உருவானதுதான் 1966 மே மாதம் வெளியான 'பெட் சவுண்ட்ஸ்'. அதைக் கேட்டு பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி அசந்துபோனார். அடுத்த வருடம் பீட்டில்ஸ் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு அது ஒரு தூண்டுகோல் என்று அவரே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று இரண்டு குழுவும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு வளர்ந்தன. கேட்கவே அழகாக இருக்கிறது அல்லவா?

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். வில்சன் அடுத்ததாக 'ஸ்மைல்' என்ற ஆல்பத்தைத் தொடங்கினார். 1967-ல் அது பாதியில் நின்றுபோனது. மனநலப் பிரச்சினை, போதைப்பொருள், குழுவுக்குள் மனக்கசப்பு, ஒலிப்பதிவு நிறுவனத்தோடு வழக்கு என்று பல காரணங்கள். முன்னால் செய்ததையும் எதிரணி செய்வதையும் தாண்டியே ஆக வேண்டும் என்ற பாரமும் அதில் சேர்ந்திருந்தது. அந்த இசை 2004-ல்தான் முழுமையாகி மேடை ஏறியது. முப்பத்தேழு வருடம்!

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். 'ரப்பர் சோல்' கேட்டபோது அவருக்கு ஒரு குறிப்பான விஷயம் கிடைத்தது, ஓர் ஆல்பத்தை இப்படிக் கட்டலாம் என்று. அதை வைத்து உட்கார்ந்து வேலை செய்ய முடிந்தது. 'யாரையாவது ஜெயிக்க வேண்டும்' என்பதை வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்தால் எந்த ஸ்வரத்தை வாசிப்பது என்று அது சொல்லித் தராது.

ஃபாலோயர், ஸ்ட்ரீம் எண்ணிக்கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எல்லாருக்கும் எங்களைவிட அதிகம் இருக்கிறதே?

எல்லாருக்கும் அதிகமாக இருக்கிற மாதிரி தெரிவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-ல் எழுதியது: பெரும்பாலான மனிதர்களுக்கு இருக்கும் நண்பர்களைவிட, அவர்களுடைய நண்பர்களுக்குச் சராசரியாக நண்பர்கள் அதிகம். நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் வருவார் என்பதுதான் காரணம். இன்ஸ்டாகிராமிலும் அப்படியே. நீங்கள் பின்தொடரும் பேண்டுகள் பலரும் பின்தொடரும் பேண்டுகளாகத்தான் இருக்கும். இருபது பேர் மட்டும் பின்தொடரும் பேண்டு உங்கள் திரைக்கு வரவே வராது. அதனால் திரையைத் திறந்ததும் நீங்கள்தான் கடைசி வரிசையில் இருப்பதாகத் தோன்றும். உங்களைப் பார்த்து ஏங்குகிற பேண்டுக்கும் அப்படியேதான் தோன்றும்.

எண்களையும் கொஞ்சம் புரிந்து படியுங்கள். ஸ்பாட்டிஃபையில் தெரியும் மாதாந்திர நேயர் எண்ணிக்கை கடந்த 28 நாளில் ஒருமுறையாவது கேட்டவர்களின் கணக்கு. ஒரு பிரபலமான பிளேலிஸ்ட்டில் ஒரு பாட்டு ஏறினால் அது விறுவிறு என்று ஏறும், பிளேலிஸ்ட்டிலிருந்து எடுத்ததும் இறங்கிவிடும். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த பேண்டின் பெயர் நினைவிருக்கிறது என்று அந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில எல்லைகள் உண்டு, ஏனென்றால் அவற்றோடு காசு சேர்ந்திருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2024-லிருந்து, கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்ட பாட்டுக்குத்தான் பணம் கணக்கிடுகிறது. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களோடு, ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு இலக்கு வேண்டுமென்றால் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து பேண்டின் எண்ணை இலக்காக வைக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

எங்கள் பேண்டில் மாதத்தின் முதல் ஞாயிறு ஒருவர் மட்டும் எண்களைப் பார்த்து நாலு வரியில் எழுதிப் போடுவார். மற்றவர்கள் பார்ப்பதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவர டிரம்மருக்குத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

எங்கள் ரெக்கார்டிங்கை அவர்கள் பாட்டுக்கு அடுத்து போட்டால் எங்களுடையது சோப்ளாங்கியாகக் கேட்கிறது. எங்கள் பாட்டே மோசமோ?

முதலில் இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்டீர்களா? மனிதக் காது சத்தம் கூடக்கூட கீழ் ஸ்வரங்களையும் மேல் ஸ்வரங்களையும் நன்றாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டியது இது. அதனால் ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டாலே பேஸ் நிறைந்து, ஜால்ரா பளிச்சென்று, எல்லாம் செழிப்பாகக் கேட்கும். அவர்களுடையது மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் சத்தத்தைச் சீராக்கிக் கூட்டும் கடைசி வேலை, முடிந்த பாட்டு. உங்களுடையது நேற்று ராத்திரி மிக்ஸ் செய்தது. சத்தத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அவர்கள் பாட்டின் அளவைக் குறைத்து உங்களுடையதோடு சமமாக்குங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களே வழக்கமாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குப் பக்கத்தில் எல்லாப் பாட்டையும் கொண்டுவந்துவிடுகின்றன, ஆகவே ரசிகர் கேட்பதும் ஏறக்குறைய சமமான சத்தத்தில்தான். சமமாக்கிய பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குரல் எவ்வளவு முன்னால் இருக்கிறது? கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒன்றையொன்று மறைக்கின்றனவா? ரிவெர்ப் என்கிற எதிரொலி எவ்வளவு? அப்போதும் வித்தியாசம் இருக்கும். ஆனால் 'எங்கள் பாட்டு மோசம்' என்பது போய் 'குரலில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது' என்று ஆகிவிடும். அதைச் சரிசெய்யலாம்.

அவர்கள் லைவ் வீடியோவில் ஒரு பிசிறுகூட இல்லையே?

இணையத்துக்கு வருகிற மேடை வீடியோக்களில் பல, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி டிராக்காகப் பதிந்து, பின்னால் மிக்ஸ் செய்து, குரலின் சுருதியைத் திருத்தி வெளியிடுபவை. பத்துப் பாட்டில் நன்றாக வந்த ஒன்றைத்தான் போடுவார்கள். அதில் பொய் எதுவும் இல்லை, நாமும் அதைத்தான் செய்வோம். உங்கள் ஒத்திகையை மொபைலில் பதிந்து அதோடு ஒப்பிடாதீர்கள், அவ்வளவுதான். நேரில் போய்க் கேளுங்கள்.

ஒரே மேடையில், அவர்கள் வாசித்து முடித்த உடனே நாங்கள் ஏற வேண்டும். கை நடுங்குகிறது.

முதல் பாட்டை மாற்றுங்கள். அவர்கள் வேகமான பாட்டில் முடித்தால் நீங்கள் அதைவிட வேகமாகத் தொடங்கப் பார்ப்பீர்கள், டெம்போ கையை மீறி ஓடும். மேடையில் பதற்றத்தில் நாம் நினைப்பதைவிட வேகமாக வாசிப்போம், இது எல்லாருக்கும் நடப்பது. ஆகவே மெதுவாக, குரல் மட்டும் தனியாகத் தொடங்குகிற பாட்டு ஏதாவது உங்களிடம் இருந்தால் அதை முதலில் வையுங்கள். கூட்டத்தின் காதுக்கு ஒரு மாற்றம் கிடைக்கும். உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். டிரம்மர் காதில் கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) கேட்டு வாசிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

அவர்கள் வாசிக்கும்போது பின்னால் அறைக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். சுவருக்கு அப்பாலிருந்து வரும் கைதட்டல் இரண்டு மடங்காகக் கேட்கும். கூட்டத்தோடு நின்று பாருங்கள்.

பேண்டில் ஒருவர் எப்போது பார்த்தாலும் "அவனுங்களப் பாரு, அவனுங்களப் பாரு" என்கிறார். ஒத்திகையே கசந்துவிட்டது.

வெளியே இருக்கும் பேண்டைவிட இதுதான் அதிகம் கெடுக்கும். அந்த ஆள் பெரும்பாலும் குழுமேல் அக்கறை உள்ளவர், அதை மறக்காதீர்கள். அக்கறை இல்லாதவர் இதைப் பேசவே மாட்டார். ஆனால் அவர் சொல்வதில் செய்வதற்கு எதுவும் இருக்காது. கேட்கிற நாலு பேரும் சுருங்கிப்போவார்கள். முக்கியமாகப் பாடுகிறவர். வாத்தியக்காரர் வாத்தியத்தைக் குறை சொல்லித் தப்பலாம், பாடுகிறவருக்கு அவர் தொண்டையே வாத்தியம்.

நாங்கள் ஓர் ஒழுங்கு வைத்தோம். இன்னொரு பேண்டைப் பற்றிப் பேசலாம், ஆனால் பாட்டைப் போட்டு, நிமிடத்தைச் சொல்லி, "இந்த இடத்தில் இவர்கள் பேஸை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் விடுகிறார்கள், நம் இரண்டாவது சரணத்தில் இதைச் செய்து பார்க்கலாமா?" என்கிற மாதிரி பேச வேண்டும். அப்படிச் சொல்ல முடியாததை ஒத்திகை முடிந்து டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். குறை சொல்லிக்கொண்டே இருந்த நண்பர் இரண்டு மாதத்தில் எங்கள் பாட்டுகளை அடுக்கிக் கொடுக்கிற ஆளாகிவிட்டார். அவர் காது அவ்வளவு கூர்மை என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

பேண்டுக்குள்ளேயே ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு, "அந்த கிட்டாரிஸ்ட் நம்மகிட்ட இருந்திருந்தா..." என்று ஒருவர் முன்னாலேயே சொல்வது வேறு விஷயம். அதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

என்னை நீக்கிய பேண்டு இன்று பெரிய ஆளாகிவிட்டது. எங்கே போனாலும் அவர்கள் பாட்டுதான். எப்படித் தாங்குவது?

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை. இதே அடியை வாங்கிய இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

டேவ் மஸ்டேய்ன் என்ற கிட்டாரிஸ்டை அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா 1983 ஏப்ரலில், முதல் ஆல்பம் பதிவதற்குக் கொஞ்சம் முன்பு, நீக்கியது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அவர் அதே வருடம் மெகாடெத் குழுவைத் தொடங்கினார். அது உலகின் பெரிய மெட்டல் குழுக்களில் ஒன்றாக வளர்ந்தது, ஆல்பங்கள் கோடிக்கணக்கில் விற்றன, 2017-ல் கிராமி விருதும் வந்தது. ஆனாலும் 2004-ல் வெளியான மெட்டாலிகா பற்றிய ஆவணப்படத்தில் அவர் மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச்சுக்கு எதிரே உட்கார்ந்து, எப்போதும் இரண்டாம் இடத்தில் இருக்கிற வலியைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் காட்சி என் மனதைவிட்டுப் போனதே இல்லை. எந்தக் குழுவும் ஏங்குகிற உயரத்தில் நிற்கிற மனிதர் அவர்.

பீட் பெஸ்ட் 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸிலிருந்து நீக்கப்பட்ட டிரம்மர். சில வருடம் வேறு குழுக்களில் முயன்றார், பிறகு லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது வருடம் போல வேலை பார்த்தார். 1988-ல் மறுபடி டிரம் முன்னால் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தன் பெயரிலேயே குழு வைத்து உலகமெல்லாம் வாசித்தார்.

உயரம் ஏறினால் இந்த வலி தானாகப் போய்விடும் என்று நம்பி உழைக்காதீர்கள் என்பதற்காகத்தான் இவர்களைச் சொன்னேன். வலி இருக்கட்டும். அது இருக்கும்போதே வாசிக்கலாம். கொஞ்ச நாள் உங்களை நீக்கிய பேண்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மறைத்து வைப்பதிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நாங்கள் சினிமாப் பாட்டு வாசிக்கும் குழு. சொந்தப் பாட்டு போடும் பேண்டுக்காரர்கள் எங்களை மதிப்பதில்லை. நாங்கள் குறைந்தவர்களா?

இரண்டு பக்கமும் இருந்தவன் என்ற முறையில் கோபத்தோடே சொல்கிறேன், இல்லை. 1960-களின் கடைசியில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள். அதற்கு முன்பே இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்தவர். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் இத்தனை வருட மேடை இருந்தது. மற்றவர்கள் பாட்டை நாலு மணி நேரம் நின்று வாசித்தால் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று விரலுக்குப் புரியும். சொந்தப் பாட்டுக்காரர்களில் சிலருக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

மறுபக்கமும் உண்டு. ஒரு பாட்டை இல்லாத இடத்திலிருந்து உண்டாக்கி, யாருக்கும் தெரியாத அந்தப் பாட்டை முன்பின் தெரியாதவர்கள் முன் நின்று பாடுவதற்கு வேறொரு தைரியம் வேண்டும். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதன்முதலாக மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில், சாதியைப் பற்றி நேராகப் பேசும் வரிகளோடு. அந்தக் குழுவை ஏற்கெனவே இருந்த எந்த பேண்டோடு ஒப்பிட்டிருக்க முடியும்? இங்கே ராக் பேண்டு என்றால் யார், மெல்லிசைக் குழு என்றால் யார் என்று இருந்த வரிசையிலேயே அவர்கள் நிற்கவில்லை.

கொடையில் இரவு ஒரு மணிக்கு ஒன்ஸ்மோர் வாங்குவதும், ஐம்பது பேர் முன்னால் புதுப் பாட்டைப் பாடுவதும் வேறு வேறு வேலை. ஒன்றின் படியால் இன்னொன்றை அளக்க முடியாது.

அவர்களுக்கு எங்களைவிட இரண்டு மடங்கு பேமெண்ட் என்று கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டதை நம்பாதீர்கள், நேராகக் கேளுங்கள். நம் தொழிலில் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதால் லாபம் ஏற்பாடு செய்பவர்களுக்கு மட்டும்தான். கேட்கும்போது முழுசாகக் கேளுங்கள். அந்தத் தொகையில் சவுண்ட், லைட், வண்டி, சாப்பாடு சேருமா? எத்தனை பேர்? அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது வந்தது? ஒருமுறை ஒரு குழுவின் தொகையைக் கேட்டு வாயைப் பிளந்தேன். பதினான்கு பேர், சொந்த சவுண்ட், இரண்டு வண்டி என்று கணக்குப் பார்த்ததில் தலைக்கு வந்தது எங்களைவிட இருநூறு ரூபாய் குறைவு.

உண்மையிலேயே உங்களுக்குக் குறைவாகத் தருகிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த பேச்சில் கூட்டிக் கேளுங்கள். ஒப்பீடு நேரடியாகப் பயன் தருகிற இடம் இது.

"நீங்க அந்த பேண்டு மாதிரியே இருக்கீங்க" என்கிறார்கள் ரசிகர்கள். அவமானமா?

பெரும்பாலும் பாராட்டுதான். கேட்டவருக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சொல்லி உங்களை எங்கே வைப்பது என்று பார்க்கிறார். நன்றி சொல்லுங்கள், உங்கள் பாட்டில் எது பிடித்தது என்று கேளுங்கள். ஐந்தாறு பேர் ஒரே பெயரைச் சொன்னால் மட்டும் உட்கார்ந்து யோசியுங்கள்.

வீட்டில் "அந்தப் பையன் டிவியில வந்துட்டான், நீ?" என்கிறார்கள்.

அவர்களுக்குத் தெரிந்த அளவுகோல் டிவி ஒன்றுதான். விளக்கிப் பிரயோஜனம் இல்லை, ஒருமுறை கச்சேரிக்கு அழைத்து வாருங்கள். முன்வரிசையில் வேண்டாம், ஜனங்களுக்கு நடுவில் உட்காரவையுங்கள். என் அம்மா பதினோரு வருடம் கழித்துத்தான் வந்தார். பக்கத்தில் இருந்த பெண்மணி என் வாசிப்புக்குத் தாளம் போட்டதைப் பற்றித்தான் வழி முழுக்கப் பேசினார்.

தூக்கம் வருவதில்லை. வாத்தியத்தைத் தொடவே பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

முதலில், அவசரமாக எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஒரு மாதம் இன்ஸ்டாகிராமையும் யூடியூபையும் மொபைலிலிருந்து எடுத்துவிடுங்கள், பேண்டு வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். யாருக்கும் வாசித்துக் காட்டாமல், உங்களுக்குச் சின்ன வயதில் பிடித்த ஏதாவது ஒரு பாட்டை வாசியுங்கள். முழுசாக வாசிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது பேண்டைப் பற்றியது மட்டும் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே, இப்போதே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

அந்த பேண்டு ஆட்களை நேரில் பார்த்தால் எனக்குப் பேச்சே வருவதில்லை. எப்படிப் பழகுவது?

ஏதாவது ஒன்றைக் குறிப்பாகப் பாராட்டுங்கள். "சூப்பர் ப்ரோ" என்றால் இரண்டு பேருக்கும் அடுத்து பேச ஒன்றும் இருக்காது. "மூணாவது பாட்டு முடிஞ்சு நாலாவது பாட்டுக்குள்ள போனீங்களே, அது எப்படி?" என்று கேட்டால் அவரே பேச ஆரம்பித்துவிடுவார்.

நான் கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றேனே, அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர். ஒரு வருடம் கழித்து ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் அவரைப் பார்த்தேன். தயங்கித் தயங்கித்தான் போய், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அவர்கள் விடுகிற பத்து நொடியைப் பற்றிச் சொன்னேன். நோட்டோடு வந்து நின்றதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்" என்றார். "போன பங்குனியில உங்க கச்சேரிக்கு வந்தேன். பின்னால பைக்ல உக்காந்துதான் கேட்டேன். ஒரு பாட்டுல வயலின் செட்டு வர்ற இடத்துல இடது கையில என்னமோ பண்றீங்களே, அது என்ன?"

டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, மேஜைமேல் விரலை வைத்துக் காட்டினேன்.